பி பக்கத்தில் பாடியிருக்கலாம்

கும்பகோணம்
மார்கழி கடைசி

அன்புள்ள நைனா,

நலம். உன் முழங்காலும் நலம் என்று நம்புகிறேன். பத்து மாதமாக நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, கணக்கு சரி. சீசனில் எத்தனை சபாவில் பாட்டுக் கேட்டாய், எத்தனை சபாவில் கேன்டீனோடு திரும்பினாய் என்பதை நேரில் சொல். இங்கே மழை விட்டது, கொசு விடவில்லை. பேரன் லீவுக்கு வந்து என் சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் கத்துவாய், எனக்குப் பாதியிலேயே தைரியம் போய்விடும். அதனால்தான் கடிதம். கடைசிவரை படித்துவிட்டுக் கத்து.

போன புதன்கிழமை சைக்கிள் கடை அண்ணனுக்கு வருஷ திதி. போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் பையன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "சித்தப்பா, ஒண்ணு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அப்பா உங்ககிட்ட ஏதோ கேசட் வாங்கித் தொலைச்சுட்டாருன்னு மெட்ராஸ் சித்தப்பா வரும்போதெல்லாம் சொல்லுவாரு. கடையைக் காலி பண்ணப்ப பரண் வரைக்கும் தேடிட்டேன், கிடைக்கல. மன்னிச்சுக்குங்க" என்றான். ஐம்பது வயதாகிறது அவனுக்கு. ஈரக் கையோடு நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவாயில்லப்பா" என்றேன்.

பரவாயில்லையாம்!

நைனா, அந்தக் கேசட் அண்ணனிடம் போகவே இல்லை.

மேலே சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன். பொறுத்துக்கொள். எனக்கு நேரே வரத் தெரியாது என்பது உனக்குப் புதிதல்ல.

பாலத்தடி டீக்கடையில் நாம் ஆடிய ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? உலகத்தில் இல்லாத ஒரே ஒரு இசைத்தட்டு உனக்குக் கிடைக்கும், யாருடையது வேண்டும்? தியாகராஜரைக் கேட்கக் கூடாது என்று விதி போட்டவன் நீ. குரலைப் பிடிக்கிற எடிசனின் பெட்டி வந்தது 1877இல். அதற்கு முன்னால் போனவர்களுக்காக அழுவது வீண், பெட்டி வந்த பிறகும் தட்டில் ஏறாமல் போனவர்களுக்காக மட்டும்தான் அழலாம் என்றாய். வாத்தியார் உடனே மகா வைத்தியநாதய்யரைக் கேட்டார். 1893இல் போனவர், விதிப்படி செல்லும். ஆனால் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமபோன் கம்பெனி கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கியதே 1902இல். "ஒன்பது வருஷம் லேட் சார்" என்று நீ சொன்னதும் வாத்தியார் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஏழு அரியர்ஸ் வைத்திருந்தவன் அவருக்கே வரலாறு சொன்னாய்.

உனக்கு எப்போதும் காஞ்சிபுரம் நைனாப் பிள்ளைதான். பேரே ஒட்டிக்கொண்டது. உன் வாதம் எனக்கு இன்றும் மனப்பாடம். மைக் இல்லாமல் குழாய்க்குள் பாடுகிற காலம் என்றால் சரி, மன்னிக்கலாம். மிருதங்கம் கொஞ்சம் பலமாக விழுந்தால் மெழுகில் ஊசி துள்ளிவிடும். நைனாப் பிள்ளையோ புல் பெஞ்ச் ஆசாமி. வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறைய ஆள் வைத்துக்கொண்டு, அத்தனை பேரும் கவிழ்க்கப் பார்க்கிற நடுவில் தாளத்தை விடாமல் பாடுகிறவர். அந்தப் படையை ஒரு தகரக் குழாய் முன்னால் எங்கே உட்கார வைப்பது? ஆனால் 1925இல் வெளிநாட்டில் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், சில வருஷங்களில் இங்கேயும் வந்தது. நைனாப் பிள்ளை 1934வரை இருந்தார். நாற்பத்தைந்து வயது. அவர் குடும்பத்துத் தனகோடி அம்மாளே தட்டில் பாடியிருக்கிறார். இவர் மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "மிஷினும் இருந்தது, ஆளும் இருந்தார், ஒரு பத்து அங்குலத் தட்டு இல்லை" என்று நீ பெஞ்சில் குத்துவாய். டீக்கடைக்காரர் கிளாஸைத் தூக்கித் தள்ளி வைப்பார்.

அன்றைக்கு உன்னை எதிர்ப்பதற்காகவே பேசினேன். இப்போது யோசித்தால் அவர் பக்கம் நியாயம் இருந்ததாகத்தான் தோன்றுகிறது. ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். நல்ல சவுக்கமாக, நிதானமாக ஒரு பல்லவியை எடுத்தால் தாளம் நாலு சுற்று வருவதற்குள் ஊசி தட்டின் நடுவுக்கு வந்துவிடும். அப்புறம் என்ன பாடுவார், "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" மாதிரி பெயரைச் சொல்லி முடிப்பாரா? (அந்த அம்மாள் சொன்னதாவது தட்டு அச்சடிக்கிற ஜெர்மன்காரனுக்கு அடையாளம் தெரிவதற்காக.)

நான் கேட்டது வீணை தனம்மாளின் வெள்ளிக்கிழமை வீட்டுக் கச்சேரி. "அவங்க தட்டுதான் இருக்கே, ஆட்டத்தில் சேர்த்தி இல்லை" என்று தள்ளினாய். இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 1932 வாக்கில், அறுபத்தைந்து வயதில் கொடுத்த சில தட்டுகள். நான் கேட்டது அதையா? ஜார்ஜ் டவுனில் ராமகிருஷ்ண செட்டித் தெரு வீட்டில், மிருதங்கம்கூட இல்லாமல், ஒருவர் இருமினாலும் முகம் சுளித்து நிறுத்திவிடுவாராமே, அந்தக் கூடம் வேண்டும். அவர் நிறுத்துகிற இடமும் வேண்டும்.

நம் இரண்டு பேருக்கும் சமரசம் செய்து வைத்தவர் பிருந்தாம்மா. தனம்மாளுக்குப் பேத்தி, நைனாப் பிள்ளைக்குச் சிஷ்யை. அவர் பாடிய டேப் ஒன்றைப் போட்டுவிட்டு நீ உன் ஆளைத் தேடுவாய், நான் என் ஆளைத் தேடுவேன். பட்டம்மாள் பல்லவி பாடினாலும், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை எதைப் பாடினாலும் நீ இதே வேலைதான். சிஷ்யர்களிடமிருந்து குருவைக் கழித்து எடுக்கிற கணக்கு. பேரன் சொல்கிறான், இப்போது கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே செய்துவிடுமாம். "உங்க ஃப்ரெண்டோட நைனாப் பிள்ளையைப் பாட வைக்கலாம் தாத்தா" என்றான். பாட வைக்கலாம். அவர் மாட்டேன் என்றதை யார் பாட வைப்பது?

அண்ணன் கேட்டதை மறந்திருக்க மாட்டாய். "எனக்குப் பாட்டே வேணாம்பா. மான்பூண்டியாப் பிள்ளை கஞ்சிரா மட்டும் ஒரு தட்டு. ரெண்டு பக்கமும்." சைக்கிள் ரிம்மில் ஸ்பேனரால் தட்டிக்கொண்டே சொல்வார். கணக்கு விழுந்துவிட்டால்தான் வீலைக் கோணல் எடுப்பார்.

சரி, வந்துவிடுகிறேன்.

1981 வைகாசி. உன் அத்திம்பேர் துபாயிலிருந்து கொண்டுவந்த நேஷனல் பானசோனிக். ஆறாம் திருவிழா. நீ அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க நாகஸ்வரம் வாசிக்கிற நம்மூர் பிள்ளைக்குப் பக்கத்திலேயே நடந்தாய். அண்ணன் பெட்ரோமாக்ஸ் ஆளோடு சண்டை போட்டு விலக்கிவிட்டார், இரைச்சல் விழக் கூடாது என்று. மேல வீதி திரும்பும்போது தோடி. ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார் என்று பெரியவர்கள் சொல்வார்கள், தட்டில் நமக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு நிமிஷம் தேறாது. நம்மூர் பிள்ளைக்கு அதுவும் இல்லை. அவரை எந்தக் கம்பெனியும் கேட்டதில்லை. மாட்டேன் என்று சொல்கிற பெருமைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை திண்ணையில் நீ போட்டுக் காட்டினபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ஒத்து கொஞ்சம் எறங்கியிருக்கு" என்றார், கூடவே சுருதிக்கு ஊதுகிற குழலைச் சொல்லி. அப்புறம், "இன்னொரு தடவை போடு தம்பி." ஐந்து வருஷத்தில் அவரும் போனார்.

நீ வேலைக்குப் போகும்போது அந்தக் கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். சிவப்பு மையில் "தோடி. அழிக்காதே" என்று எழுதி, பின்பக்கத்துப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்திருந்தாய், யாரும் அதன்மேல் பதிவு செய்யக் கூடாது என்று.

1984இல் எனக்கு ரேடியோ ஆடிஷன். நாளைக் காலை திருச்சிக்கு பஸ். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, கடையெல்லாம் அடைத்தாகிவிட்டது. என் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது. வெறும் கேசட் வீட்டில் இல்லை. ஐந்து நிமிஷம், ஆரம்பத்தில் இருக்கிற புறப்பாட்டு மல்லாரி மட்டும்தானே போகும் என்று நினைத்தேன். உடைந்த பல் இருந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டினேன். தெரியாமல் நடந்தது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை பார், பல்லால் கடித்து டேப்பை அறுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

வர்ணம் பாடினேன். "ஏரா நாபை." ஆமாம், தோடிதான். வர்ணம் முடிந்தது, நன்றாக வந்த மாதிரி இருந்தது, நிறுத்த மனசு வரவில்லை. ஆலாபனையில் இறங்கிவிட்டேன். கண்ணை மூடினவன் திறந்தபோது மணி பார்த்தால் அரை மணிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். பிள்ளையின் தோடிமேல் என் தோடி.

ஆடிஷனில் தேறவில்லை என்பது உனக்கே தெரியும். "வர்ணம்" என்று நீ எனக்குப் பேர் வைத்தது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் எனக்கு வயிற்றில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியாது.

பி பக்கத்தில் பாடியிருக்கக் கூடாதா என்று கேட்பாய். அதில் உன் அக்காவின் சினிமாப் பாட்டு இருந்தது. உன் அக்காவிடம் எனக்குப் பயம்.

தீபாவளிக்கு வந்து நீ கேட்டாய். "சைக்கிள் கடை அண்ணன் வாங்கிட்டுப் போனார்" என்று வாயில் வந்துவிட்டது. நீ அந்த நிமிஷமே கடைக்கு நடப்பாய் என்று யார் கண்டது? பின்னாலேயே ஓடிவந்தேன். நீ கேட்டதும் அண்ணன் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, "எங்கயோ வச்சுட்டேன் தம்பி, தேடித் தரேன்" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் நாற்பது வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊரில் எனக்கு மட்டும் பங்சருக்குக் காசு கறாராக வாங்கினார். நீ வந்தால் இலவசம். நீ அதை வைத்து என்னைக் கேலி செய்தாய்.

திதியிலிருந்து வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புடவைக்கு அடியில் வைத்த இடத்திலேயே இருந்தது. தூக்கிப் போடவும் முடிந்ததில்லை, போட்டுக் கேட்கவும் முடிந்ததில்லை. பேரன் பென்சில் விட்டுச் சுற்றிக் கொடுத்தான். ஏ பக்கம். இருபத்துநாலு வயதுப் பயல் ஒருவன் தோடி பாடுகிறான். மோசமில்லை, ஆனால் காந்தாரம் அசைகிற இடத்திலெல்லாம் இருமல் வந்த மாதிரி ஒரு உதறல். அணைக்கக் கையை நீட்டினபோது அவன் பாட்டு நின்றது. டக் என்று ஒரு சத்தம்.

அதற்கப்புறம் நைனா, ஒத்து.

நான் நிறுத்தின இடத்துக்கு மேல் கேசட் மிச்சம் இருந்திருக்கிறது. நாற்பது வருஷமாக எனக்கு இது உறைக்கவில்லை. ஒன்றே முக்கால் நிமிஷம். தோடி இல்லை, ஆசைப்படாதே. தோடி முடிந்துவிட்டிருக்கிறது. தவில் தீர்மானத்தின் வால் மட்டும், பிறகு ஒத்து தனியாக நிற்கிறது, எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. பிள்ளை நாகஸ்வரத்தின் வாயில் வைக்கிற சீவாளியை மாற்றியிருக்க வேண்டும். இரண்டு தடவை வெறும் காற்று. அப்புறம் ஊதிப் பார்க்கிறார், நாலே சுரம், அதில் காந்தாரத்தை ஒரே ஒரு அசை. கச்சேரிக்கு இல்லை, சீவாளி பேசுகிறதா என்று பார்க்க. எவனும் கேட்பதாக நினைத்து வாசிக்கவில்லை. பதினோரு தடவை கேட்டுவிட்டேன்.

கடைசியில் அண்ணன் குரல், கிட்டத்தில், மூச்சோடு. "தம்பி, ஓடுதா அது?"

"ஓடுதுண்ணே" என்கிறாய். பக்கம் முடிந்துவிடுகிறது.

பையனுக்கு அவன் அப்பா குரல் ஒன்றும் இல்லையாம். கல்யாண வீடியோவில்கூடப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள். அன்றைக்குப் பேச்சுவாக்கில் சொன்னான். இதை அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எப்படிக் கிடைத்தது என்று கேட்பான், சொல்ல வேண்டும். தனியாகப் போனால் மறுபடியும் ஏதாவது வாயில் வந்துவிடும், என்னை எனக்குத் தெரியும். நீ பக்கத்தில் இருந்தால் பொய் சொல்ல முடியாது.

பேரன் போனில் பிடித்து வைத்திருக்கிறான், அனுப்பட்டுமா தாத்தா என்கிறான். வேண்டாம் என்றேன். நீ இங்கே வந்து கேள். பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை சோழன் எக்ஸ்பிரஸில் கிளம்பி வா. திட்டுவதானால் ஸ்டேஷனிலேயே திட்டிவிடு, வீட்டில் பேரன் இருக்கிறான்.

ரிச்சி தெரு பக்கம் போனால் கேசட் பிளேயருக்கு பெல்ட் இரண்டு வாங்கி வா. இங்கே கிடைக்கவில்லை, ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிறேன். என் தோடி சுருதி அரைக் கட்டை ஏறிக் கேட்கிறது. அப்படியும் தேறவில்லை.

உன்
வர்ணம்