ஆற்றைத் தாண்ட ஆகும் நேரம்

அன்புள்ள நடேசா,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டியிருப்பாய், தகும். மகளுக்கு கிர்க்வால் ஆஸ்பத்திரியில் வேலை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள நானும் மனைவியும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே இந்த ஆர்க்னி தீவுகளுக்கு வந்துவிட்டோம். ஓயாத காற்று. மற்றபடி சௌக்கியம். உன் கண் ஆபரேஷன் முடிந்ததா, இன்னும் பயந்துகொண்டுதான் இருக்கிறாயா?

போன செவ்வாய்க்கிழமை, உலகத்திலேயே மிகக் குறைந்த தூரம் போகிற விமானத்தில் ஏறினேன். வெஸ்ட்ரே தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரே தீவுக்கு. 2.7 கிலோமீட்டர்! நீ பள்ளிக்கூடத்துக்குத் தினமும் நடந்தது அதைவிடக் கூட. அட்டவணையில் 2 நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று வாகாக இருந்த ஒருநாள் ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற பைலட் 53 விநாடியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். இந்தத் தடத்தில் 12,000 தடவைக்கு மேல் ஓட்டிய மனிதர். நம் ஓடக்கார மாமாவைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஐலேண்டர் என்கிற குட்டி விமானம். எட்டுப் பேர் உட்காரலாம், கதவு கார்க் கதவு மாதிரி. எனக்குப் பைலட்டுக்குப் பக்கத்து இடம் கிடைத்தது. கிளம்பிற்று, கீழே கடல் சுழித்து ஓடுவது தெரிந்தது, அதற்குள் எதிரே சரளை போட்ட ஓடுதளம். "முடிஞ்சிருச்சா தாத்தா?" என்று பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது.

வேடிக்கைக்கு விட்டிருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லையடா. அந்தத் தீவில் மொத்தமே சுமார் தொண்ணூறு பேர்தான். டாக்டர் வருவதும், வாத்தியார் வருவதும், நோயாளியைக் கூட்டிப்போவதும் இதில்தான். படகும் உண்டு, கடல் விட்டால் போகும். தொண்ணூறு பேருக்காக 1967 முதல் ஒரு விமானம் ஓடுகிறது, நடேசா!

அங்கே 5,000 வருஷத்துக்கு முந்தைய கல்வீடு ஒன்று இருக்கிறது, நாப் ஆஃப் ஹோவர் என்று பெயர். அதைப் பார்க்கத்தான் போனேன். வாசலில் குனிந்து நுழைந்து, கடல் இரைச்சல் கேட்டபடி உள்ளே உட்கார்ந்தேன். உன் அக்கா ஞாபகம் வந்துவிட்டது.

கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த அந்த ராத்திரி. அக்கரை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆஸ்பத்திரி விளக்கு நம் கண்ணுக்குத் தெரிந்தது. ஓடம் எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. துறையில் அக்காவைக் கட்டிலோடு வைத்துக்கொண்டு நீ மணி கேட்டுக்கொண்டே இருந்தாய். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அரைமணி, ஒருமணி குறைத்தே சொன்னேன். வலி எடுத்து அவ்வளவு நேரமாகிவிட்டது என்று உனக்குத் தெரிய வேண்டாமென்று நினைத்தேன். இத்தனை வருஷம் உன்னிடம் இதைச் சொன்னதில்லை. விமானத்தில் 2 நிமிஷத்தை மணி பார்த்து எண்ணினேனா, அதற்குமேல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

படுகைக்குப் பாலம் வேலை ஆரம்பித்ததாகப் போன தடவை எழுதியிருந்தாய். தூண் எழும்பிவிட்டதா? கண் சரியில்லை என்றால் பையனை விட்டாவது எழுதச் சொல். எத்தனை தூண், எது வரைக்கும் வந்திருக்கிறது என்று விவரமாக.

உன்,
சுந்தரம்