நுண்துகள் குறைந்ததா, கூடியதா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தலைவர், உறுப்பினர் செயலர்,
மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், புதுதில்லி.

வணக்கம்.

தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இந்த நகரத்தில் இத்தனை விழுக்காடு குறைவு, அந்த நகரத்தில் இத்தனை என்று நகரவாரியாகக் கணக்கு வெளியாகிறது. 130 நகரங்களின் மதிப்பீடும் நிதியும் அதைச் சார்ந்தவை. அந்தக் கணக்கில் இருப்பது பி.எம். 10, அதாவது 10 மைக்ரானும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவுமான துகள்கள். நுரையீரலின் கடைக்கோடிக்கும் அங்கிருந்து இரத்தத்துக்கும் போய்ச்சேரும் பி.எம். 2.5 எனும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளுக்கு அதில் இடமில்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாட்டில் நுண்துகள் கூடியதா, குறைந்ததா என்று கேட்பவருக்குச் சொல்லத் தேவையான தரவில் பெரும்பகுதி உங்களிடமே இருக்கிறது. இப்போது வெளியிடும் வடிவில் அதிலிருந்து நம்பகமான பதில் எடுக்க முடியவில்லை. ஏன் முடியவில்லை, எதை மாற்றினால் முடியும் என்பதற்காகவே இந்த மடல்.

ஒரு நகரத்தில் பி.எம். 10-இன் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம், அதில் நுண்துகள் 60 என்று வைத்துக்கொள்வோம். மீதி 90-இல் பெரும்பாலானது சாலைப் புழுதியும் கட்டுமானத் தூசும். சாலை பெருக்கும் வண்டியும் தண்ணீர் லாரியும் சேர்ந்து அதில் 40-ஐக் குறைத்துவிட்டால் பி.எம். 10 110-க்கு இறங்கும். பட்டியலில் அது ஏறத்தாழ 27 விழுக்காடு முன்னேற்றம். நுண்துகளோ அதே 60-இல் நிற்கும். சாலையைப் பெருக்குவது வீண் வேலை என்று சொல்லவில்லை. ஆனால் நுண்துகளின் பெரும்பங்கு எரிப்பதிலிருந்து வருகிறது: விறகடுப்பு, டீசல், நிலக்கரி, வைக்கோல், குப்பை. இன்னொரு பங்கு புகைபோக்கியை வாயுவாக விட்டு வெளியேறி, காற்றிலேயே துகளாக மாறுகிறது. கந்தக டை ஆக்சைடு இப்படித்தான் அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் சல்பேட் ஆகிறது. அனல் மின் நிலையங்களுக்கு 2015 டிசம்பரில் வகுத்த கந்தக வரம்பு பலமுறை தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூலை அறிவிக்கையில் பெரும்பாலான அலகுகளுக்கு விலக்காக முடிந்தது. அந்த முடிவின் விளைவைப் பி.எம். 10 கணக்கில் தேடினால் புழுதியின் ஏற்ற இறக்கத்துக்குள் அது காணாமல் போய்விடும்.

அடுத்தது, பழைய தரவையும் புதிய தரவையும் ஒட்டும் இடம். காற்றுக் கண்காணிப்பு 1984-இல் தொடங்கியிருந்தாலும் நுண்துகளுக்கு வரம்பு வந்தது 2009 நவம்பரில்தான்: ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 60. (உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டு அளவை 5 ஆக்கியது.) கையால் எடுக்கும் அளவீட்டில் வாரத்துக்கு இரு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள் கணக்கு. தானியங்கி நிலையங்கள் இரவு பகலாக அளக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணைத் தரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கையால் எடுக்கும் முறையில் நிமிடத்துக்கு 16.67 லிட்டர் காற்று 24 மணி நேரம் வடிதாள் வழியே போகும். மொத்தம் 24 கன மீட்டர். காற்று சரியாக 40 மைக்ரோகிராம் அளவில் இருந்தால் தாளில் படிவது 960 மைக்ரோகிராம், ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஆகவே தாளை எடை போடும் அறையின் ஈரப்பதம், எடைக்கு முன் தாளைப் பதப்படுத்திய நேரம், நிலையான மின்னூட்டம் என எல்லாமே முடிவைப் புரட்டும். கோடையில் தாளைக் குளிரூட்டாமல் கொண்டுபோனால் அம்மோனியம் நைட்ரேட் ஆவியாகிப் போகும், அளவு குறைந்து காட்டும். காற்றோட்டம் 16.67-க்குக் கீழே சரிந்தாலோ வேறு கோளாறு: துகளைப் பிரிக்கும் எல்லை 2.5 மைக்ரானுக்கு மேலே நகர்ந்து, பெரிய தூசும் உள்ளே நுழையும்.

தானியங்கி நிலையங்களில் பரவலாக உள்ள பீட்டா கதிர்க் கருவிக்கும் (நாடாவில் படியும் துகளின் எடையை, பீட்டா கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்பதிலிருந்து கணிப்பது) அதன் குணங்கள் உண்டு. உள்ளே வரும் காற்றின் ஈரப்பதத்தைச் சுமார் 35 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க ஒரு சூடேற்றி இருக்கும். அது பழுதானால் சல்பேட் துகள்கள் ஈரம் குடித்து ஊதி, வடகிழக்குப் பருவமழையில் சென்னையிலும் குளிர்காலப் பனிமூட்டத்தில் கங்கைச் சமவெளியிலும் அளவு பொய்யாக ஏறும். இன்னொரு விஷயம் தரவைத் திறக்கும் யாருக்கும் தெரியும்: 985. பரவலாகப் பயன்படும் ஒரு கருவியில் வழக்கமான அளவுகோல் −15-இல் தொடங்கி 985-இல் முடியும். பிழை நேர்ந்தால் கருவி உச்ச அளவை அனுப்பும் அமைப்பும் உண்டு. எனவே 985 என்று ஒரு மணி நேரம் பதிவானால் அது தீபாவளி இரவின் உண்மையான உச்சமாக இருக்கலாம், நாடா அறுந்ததாகவும் இருக்கலாம். பிழைக் குறியீடு இல்லாமல் வெறும் எண்ணை மட்டும் வெளியிட்டால் ஆய்வாளர் எல்லா 985-ஐயும் வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது எல்லாவற்றையும் நீக்க வேண்டும். இரண்டுமே தப்பு. ஒரே மணி நேரத்தில் நுண்துகள் அளவு பி.எம். 10-ஐவிடக் கூடுதலாகப் பதிவாகும் வரிகளையும் இதே போல் குறியிட்டுத் தர வேண்டும்.

போக்கைக் கெடுப்பதில் விடுபட்ட தரவுக்கு இணையாக எதுவும் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை மாதச் சராசரி 200, மற்ற ஒன்பது மாதமும் 80 என்று ஒரு வடஇந்திய நகரத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சராசரி 110. குளிர்கால மாதம் ஒன்றில் கருவி நின்றுபோய், மீதிப் பதினொன்றை மட்டும் கூட்டி வகுத்தால் 102 வரும். இரண்டு மாதம் போனால் 92. ஒரு நடவடிக்கையும் எடுக்காமலே 16 விழுக்காடு 'குறைந்துவிட்டது'! தினசரிக் காற்றுத் தரக் குறியீட்டுக்குக் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். ஆண்டுச் சராசரிக்கும் அதே கண்டிப்பு வேண்டும்: ஒவ்வொரு காலாண்டிலும் 75 விழுக்காடு நேரத்துக்குத் தரவு இல்லாவிட்டால் அந்த நிலையம் அந்த ஆண்டுக் கணக்கில் சேரக்கூடாது.

நிலையங்களின் தொகுப்பும் மாறிக்கொண்டே இருக்கிறது. தில்லியில் 2017-18 வாக்கில் நிலையங்கள் சட்டென்று பெருகின. பழையவை நெரிசல் சந்திப்பிலும் புதியவை பள்ளி, விளையாட்டரங்க வளாகங்களிலும் இருந்தால், எல்லாவற்றையும் சேர்த்து எடுத்த நகரச் சராசரி இடமாற்றத்தைத்தான் சொல்லும். தொடக்கம் முதல் இறுதி வரை ஓடிய நிலையங்களை மட்டும் வைத்து ஒரு தனித் தொடர் வேண்டும்.

அடிப்படை ஆண்டு விவகாரமும் அப்படியே. முதல் இலக்கு 2017-உடன் ஒப்பிட்டு 2024-க்குள் 20 முதல் 30 விழுக்காடு குறைப்பு. பிறகு ஒப்பீட்டு ஆண்டு 2019-20 ஆனது, இலக்கு 2025-26-க்குள் 40 விழுக்காடு வரை என்று உயர்ந்தது. 2019-இல் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 10 விழுக்காடு கூடுதல். அடுத்த ஆண்டு பொது முடக்கம். ஒற்றை ஆண்டை அளவுகோலாக வைத்தால் மழையும் காற்றும்தான் தேர்ச்சியை முடிவு செய்யும். மூன்றாண்டுச் சராசரியை மூன்றாண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள். அதோடு காற்றின் வேகம், திசை, ஈரப்பதம், மழை, கலப்பு அடுக்கின் (தரையிலிருந்து மாசு கலந்து பரவும் காற்றடுக்கின்) உயரம் ஆகியவற்றின் தாக்கத்தைக் கழித்த தொடரையும் வெளியிடுங்கள். அதற்கான கணக்கீட்டு முறைகள் புதியவை அல்ல, சாதாரணக் கணினியிலேயே ஓடும்.

கிராமங்கள் பற்றியும் ஒரு சொல். அங்கே நிலையங்கள் மிகக் குறைவு, நீண்ட காலச் சான்று செயற்கைக்கோள் ஒன்றுதான். 2000 தொடங்கி 2010-களின் நடுப்பகுதி வரை கங்கைச் சமவெளியில் ஏறுமுகம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. அதன்பின் தட்டையானதா, இறங்கியதா என்பதில்தான் தெளிவு வேண்டும். செயற்கைக்கோள் கடப்பது பகலில், பனிமூட்ட நாளில் அதற்கு ஒன்றும் தெரியாது, அதாவது மாசு மிகுந்த நாட்களையே அது தவறவிடுகிறது. தரை நிலையம் இல்லாமல் அதைத் திருத்த வழியில்லை. 2016-இல் வந்த உஜ்வலா எரிவாயு இணைப்புகள் அடுப்புப் புகையை உண்மையில் எவ்வளவு குறைத்தன என்ற கேள்வியும் இங்கேதான் சிக்கி நிற்கிறது. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, ஐதராபாத் அமெரிக்கத் தூதரக வளாகங்களின் அளவீடு 2025 மார்ச்சில் பொதுப் பார்வையிலிருந்து போய்விட்டதால், ஒப்பிட்டுப் பார்க்க இருந்த வெளித் தொடரும் அறுந்துவிட்டது.

எனவே 2025-26 கணக்கில் இவற்றைச் சேர்க்கக் கோருகிறோம். ஒவ்வொரு நிலையத்துக்கும் கருவியின் வகை, மாற்றிய தேதி, இடம் பெயர்ந்த தேதி, காற்றோட்டச் சோதனை முடிவு ஆகியவை அடங்கிய வரலாற்று அட்டை. மணிவாரித் தரவுடன் பிழைக் குறியீடு. கருவி மாறும்போது பழையதும் புதியதும் ஒரு முழு ஆண்டு அருகருகே ஓட வேண்டும். செலவு கூடும், ஆனால் அந்த ஓராண்டுச் செலவை மிச்சப்படுத்தினால் அதற்கு முந்தைய பத்தாண்டுத் தரவோடு ஒப்பிட வழியில்லாமல் போகும். நுழைகுழாயைச் சுற்றி 270 பாகைக்குக் காற்று தடையின்றி வருகிறதா என்பதை ஆண்டுக்கு ஒருமுறை படத்துடன் பதிவு செய்யுங்கள். நிலையத்தைச் சுற்றி மட்டும் தண்ணீர் தெளிப்பதைத் தரவு மோசடியாகக் கருதும் ஒரு வரி வழிகாட்டுதலில் வேண்டும். இலக்கைப் பொறுத்தவரை, பி.எம். 10-க்கு அருகிலேயே நுண்துகளுக்கும் தனி நெடுவரிசை, அதில் ஆண்டுச் சராசரியோடு அதன் பிழை வரம்பும். மாற்றத்தின் பிழை வரம்பு சுழியத்தைத் தொடும் நகரத்துக்கு 'மாற்றம் உறுதியில்லை' என்று எழுதுங்கள். பல நகரங்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
காற்றுத் தர அளவீட்டிலும் தரவுப் பகுப்பாய்விலும் பணிபுரிவோர்