வெள்ளவத்தையிலிருந்து அப்பாவுக்கு

கொழும்பு
9.1.2000

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பிபிசி தமிழோசை கேட்டுவிட்டு நீங்கள் பதறிப்போய் போன் செய்தபோது முதலாளி பக்கத்தில் நின்றார். அதனால்தான் "ஒன்றுமில்லை" என்று வைத்துவிட்டேன். ஒன்றுமில்லாமல் இல்லை.

டிசம்பர் 18 இரவு டவுன் ஹால் அருகே ஜனாதிபதி சந்திரிகாவின் கடைசித் தேர்தல் கூட்டம். பேசிவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் தற்கொலைக் குண்டாக வெடித்தாள். இருபது பேருக்கு மேல் செத்துவிட்டார்கள். சந்திரிகாவுக்கு வலது கண்ணில் காயம், உயிர் தப்பியது. மூன்றாம் நாள் தேர்தல். 22ஆம் தேதி கண்ணில் கட்டோடு பதவியேற்றதை லொட்ஜ் டிவியில் பார்த்தோம்.

எதிர்த்து நின்ற ரணில்தான் வருவார் என்று பந்தயம் கட்டிய முதலாளி, "குண்டு வைத்தவங்களே ஓட்டும் வாங்கிக் கொடுத்திட்டாங்க" என்று இன்னும் புலம்புகிறார். இருக்கலாம். ராஜீவ் செத்த வருஷம் நம் ஊரில் பார்க்காத அனுதாப ஓட்டா? ஆனால் 1994இல் சமாதானம் என்று சொல்லி 62 சதவீதம் வாங்கியவர், இத்தனை அனுதாபத்துக்கும் 51தான் வாங்கியிருக்கிறார். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

போன 5ஆம் தேதி பிரதமர் அலுவலகத்துக்கு வெளியே இன்னொரு குண்டு. அன்றைக்கே எங்கள் வெள்ளவத்தையில் குமார் பொன்னம்பலத்தைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தமிழர்களுக்காக வாதாடிய வக்கீல் (இங்கே சட்டத்தரணி என்பார்கள்). லொட்ஜில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

செட்டியார் தெருவுக்குப் போகும் பஸ்ஸை இரண்டு இடத்தில் நிறுத்தி இறக்குகிறார்கள். பாஸ்போர்ட் எப்போதும் சட்டைப் பையில்தான். நான் இந்தியன் என்பதை எனக்குத் தமிழில்தான் சொல்லத் தெரியும், சிக்கலே அங்கேதான். முந்தாநாள் ராத்திரி எங்கள் லொட்ஜ் முழுவதையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து என்னை இரண்டு மணிக்கு விட்டார்கள். பக்கத்து அறை யாழ்ப்பாணத் தம்பி இன்னும் வரவில்லை. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை எல்லாம் சரியாக வைத்திருப்பவன். "மம இந்தியாவென்" (நான் இந்தியாவிலிருந்து) என்று சொல்லச் சொல்லி எனக்குச் சிங்களம் பழக்கியவனும் அவன்தான். நாளைக்கு முதலாளியைக் கூட்டிக்கொண்டு போய் விசாரிக்க வேண்டும்.

அம்மாவிடம் ஸ்டேஷன் கதை வேண்டாம். பொங்கலுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் மகன்