தம்மைப் பற்றி எழுதப் பிள்ளைகளுக்கு யார் கற்றுத்தருவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டு முதல் கிடையாது என்று அரசு அறிவித்தது. அந்த ஓராண்டை என்ன செய்யலாம் என்று அதிலிருந்து பலரும் பேசுகிறார்கள். நீட், ஜேஇஇ பயிற்சியை முன்னதாகவே ஆரம்பித்துவிடலாம் என்பதுதான் அதிகம் காதில் விழுகிறது. நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவள். இப்போது அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையும் உதவித்தொகைக் கட்டுரையும் எழுத மாலை நேரங்களில் துணை நிற்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து ஒன்று கேட்கிறேன். பிளஸ் ஒன்னில் வாரம் ஒரு பாடவேளையை, பிள்ளைகள் தம்மைப் பற்றித் தாமே எழுதிப் பழக ஒதுக்க வேண்டும்.

நம் ஊரில் இதற்குத் தேவையே இல்லாமல் இருந்தது உண்மைதான். பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு 2007-லேயே போய்விட்டது. மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு, அவ்வளவுதான். நீ யார் என்று எந்த விண்ணப்பமும் கேட்டதில்லை. இப்போது அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், சோனிபட் அசோகா பல்கலைக்கழகம் என்று விண்ணப்பிக்கிறார்கள். குடும்ப நிலையைப் பார்த்துக் கட்டணத்தில் பெரும்பகுதியை, சிலருக்கு முழுவதையுமே, அங்கே தள்ளுபடி செய்கிறார்கள். ஆனால் எழுத வேண்டும், நேர்காணலில் பேச வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 250 முதல் 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை கேட்கிறார்கள். படிப்புக்கு உதவி கேட்டு அகரம் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தால் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பேசிப் பார்க்கிறார்கள். எங்கே போனாலும் தன்னைப் பற்றித் தானே சொல்லத் தெரிய வேண்டியிருக்கிறது.

நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த எழுத்து வேறு. குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், நடுவில் மேற்கோள், முடிவுரை. ‘நூலகத்தின் பயன்’, ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்று நோட்ஸில் இருப்பதை மனப்பாடம் செய்து பக்கம் நிரப்பினால் மதிப்பெண் வரும். அதில் பிள்ளையின் தெருவோ வீடோ வேலையோ எங்கும் வராது. பன்னிரண்டு வருடம் இப்படி எழுதிய கையிடம் திடீரென்று ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றால் அது என்ன செய்யும்? கல்வியே கண் என்று ஆரம்பித்து, நாட்டுக்குச் சேவை செய்வேன் என்று முடிக்கிறது. என்னிடம் வருகிற முதல் தாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

போன வருடம் வந்த ஒரு மாணவியின் தாளும் அதேதான். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அதைத் தள்ளி வைத்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தறி நாடாவில் வைக்கிற நூல் தார் சுற்றுவேன், இழை அறுந்தால் அப்பாவுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பிணைப்பேன் என்றாள். எந்தத் தறியில் அதிகம் அறும் என்றேன். யோசிக்காமல் பதில் வந்தது: “ஜன்னல் பக்கத்துத் தறியில்தான் டீச்சர். அதுவும் வறண்ட காற்று அடிக்கிற மாசத்தில்.” பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எந்த நாள் எத்தனை தடவை அறுந்தது என்று கோடு போட்டு வைத்திருக்கிறாள். அப்பத்தா தறிமேடையில் தண்ணீர் தெளிக்கச் சொல்வதற்கும் அந்தக் கோடுகள் குறைவதற்கும் தொடர்பு இருப்பதை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். காற்றில் ஈரம் குறைந்தால் பருத்தி நூல் இழுவை தாங்காது. பெரிய நூற்பாலைகளில் ஈரப்பதக் கருவி வைத்துச் சரிசெய்கிற விஷயம் அது. ஒரு பதினேழு வயதுப் பெண் நோட்டும் பேனாவும் வைத்து அதை எட்டியிருக்கிறாள். இதையெல்லாமா டீச்சர் எழுதுவது என்று என்னைக் கேட்டாள்.

இதைத்தான் எழுத வேண்டும். ஒரு பிள்ளை எதைக் கவனிக்கிறது, எதை விடாமல் துரத்துகிறது என்பதைத்தான் அந்தக் கல்லூரிகள் தேடுகின்றன. நம் பிள்ளைகளிடம் அது நிறைய இருக்கிறது. எழுதுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வேறு ஆட்கள் புகுந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் விண்ணப்பம் நிரப்புவதோடு கட்டுரையையும் சாட்ஜிபிடியில் எடுத்து ஒட்டிக் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகளின் விண்ணப்பத்தில் ஏறக்குறைய ஒரே கட்டுரை இருந்ததை நானே பார்த்தேன். கணினி எழுதியதைத் தன் எழுத்து என்று கொடுப்பதை மோசடிப் பட்டியலில் காமன் ஆப் 2023-லேயே சேர்த்துவிட்டது. விதி கிடக்கட்டும். நாளை நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளை என்ன சொல்லும் என்று நினைத்தாலே எனக்கு மனசு பதறுகிறது.

இன்னொரு வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. உதவித்தொகை என்றாலே வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டு, அப்பா இறந்ததை முதல் வரியில் போடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்பாவை இழந்த ஒரு மாணவன் அதை எழுத மாட்டேன் என்று பிடிவாதமாகச் சொன்னான். எழுதவே வேண்டாம் தம்பி என்றேன். வருமானத்தைச் சொல்ல வருமானச் சான்று இருக்கிறது, முதல் பட்டதாரிச் சான்று இருக்கிறது. உள்ளூர்க் கபடிப் போட்டிகளுக்கு அவன் ஸ்கோர் எழுதுகிறவன். நடுவரோடு தகராறு வந்தபோது தன் நோட்டைக் காட்டி இரண்டு ஊர்க்காரர்களையும் சமாதானப்படுத்தியதை எழுதினான். தன் துக்கத்தை யாரிடம் சொல்வது என்பதை அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். சொல்ல விரும்புகிற பிள்ளை தாராளமாகச் சொல்லட்டும்.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முதல் நாள் பேனாவே கிடையாது, பேச்சுதான். அதுவும் தமிழில்தான். பேசியதைத் தமிழிலேயே எழுதிவரச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் ஆங்கிலம், அவர்களால் முடிந்த சின்னச் சின்ன வாக்கியங்களில். எனக்குப் புரியாத இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன். நானாக ஒரு வரியும் எழுதிக் கொடுக்க மாட்டேன். இலக்கணப் பிழையைச் சுட்டிக்காட்டுவேன், திருத்துவது அவர்கள் வேலை. தறியைப் பற்றித் தமிழில் நாலு பக்கம் எழுதிய பெண் ஆங்கிலத்துக்கு வந்தபோது திணறினாள்தான். ஆனால் சொல்ல விஷயம் இருந்ததால் அகராதியைத் தேடித் தேடிச் சொல் பிடித்தாள். விஷயமே இல்லாதவர்கள்தான் அடுத்தவர் வாக்கியத்தைத் தேடுகிறார்கள்.

இதற்கு நாள் பிடிக்கும். பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நெருக்கத்தில், கடைசித் தேதிக்கு முந்தின வாரம் ஓடிவருகிற பிள்ளைக்கு யாராலும் முழுசாக உதவ முடியாது. அதனால்தான் பிளஸ் ஒன்னைக் கேட்கிறேன். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நடத்தட்டும். மதிப்பெண் மட்டும் வேண்டாம், போட்டால் மறுநாளே அதற்கும் நோட்ஸ் வந்துவிடும். உயர்கல்வி வழிகாட்டுதலுக்கு ‘நான் முதல்வன்’ திட்டம் ஏற்கெனவே பள்ளிகளில் இருக்கிறது, அதிலேயே இதைச் சேர்க்கலாம். ஆசிரியர்களுக்கும் ஒரு பயிற்சி தேவை. இந்தக் கல்லூரிகள் சிலவற்றுக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். நாமோ நன்னடத்தைச் சான்றிதழில் எழுதுவது போல ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். வகுப்பில் அந்தப் பிள்ளை என்ன கேள்வி கேட்டது என்று ஒரு சம்பவம் எழுதினால், அந்தக் கடிதத்துக்கு வரும் மதிப்பே தனி.

பள்ளிக்கல்வித் துறை முடிவெடுக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம், கிளை நூலகங்கள் இருக்கின்றன. வாரம் ஒரு மாலை இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச முடிந்தவர்கள், பக்கத்து மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்ப் பெயர் கொடுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளையே அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆங்கில ஆசிரியை,
அருப்புக்கோட்டை.