ஆண்டறிக்கை: வளர்ந்த வீடும் வாய்த்த சூழலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆண்டுப் பேரவைக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது மகளிர் வாசகர் வட்டத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைச் செயலாளர் என்ற முறையில் பேரவையின் முன் வைக்கிறேன்.

சென்ற பேரவையின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தும் மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்தோ வாழ்ந்தோ பெயர் பெற்ற பெண்களின் வாழ்க்கையைப் படிப்பதற்கே ஒதுக்கப்பட்டன. பிறந்த ஆண்டு, பெற்ற விருது, மறைந்த நாள் என ஒப்பிக்கும் உரைகளை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆகவே, அந்தப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தவர் யார், அவர் படிக்கவோ பாடவோ போராடவோ புறப்பட்டபோது செலவை ஏற்றவர் யார், வழியை மறித்தவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடி வருமாறு பேச்சாளர்களைச் செயற்குழு கேட்டுக்கொண்டது. இந்தக் கேள்விகளே கூட்டங்களின் போக்கை மாற்றின என்று உறுதியாகச் சொல்வேன்.

முதல் கூட்டம் எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மையாரைப் பற்றியது. அவர் 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பிறந்து வளர்ந்த அனுமந்தராயர் கோவில் தெரு வீட்டில், பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தார். தாய் சண்முகவடிவு வீணைக் கலைஞர். தாயின் பெயரையே தலைப்பெழுத்தாகக் கொண்ட அந்தக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் விரைவிலேயே நின்றுபோனாலும், காலையில் கண் விழிக்கும்போதே சுருதி காதில் விழுந்தது. பத்து வயதளவில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அதே வீடு சார்ந்திருந்த தேவதாசி மரபில், பெண்ணை ஒரு செல்வந்தரின் ஆதரவில் ஒப்படைக்கும் வழக்கமும் இருந்தது. சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. சுப்புலட்சுமி அம்மையாரோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1936இல், மதுரையை விட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். கலையைக் கொடுத்த வீட்டிலிருந்தே வெளியேற வேண்டியிருந்தது என்பதை மறைத்துவிட்டு 1998ஆம் ஆண்டின் பாரத ரத்னாவை மட்டும் கொண்டாடுவது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது என்பது என் கருத்து.

உறுப்பினர்களை மிகுதியும் பாதித்தது டாக்டர் சௌந்தரம் அம்மையாரின் வாழ்க்கை. அதற்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்த டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகளான அவருக்கு, அக்கால வழக்கப்படி இளம் வயதிலேயே மணம் முடித்தார்கள். மருத்துவரான கணவர் சௌந்தரராஜன் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, அந்த நோய்க்கே பலியானார். இறக்கும் தறுவாயில், மனைவி மேலே படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று அவர் சொல்லிச் சென்றதாக அறிகிறோம். கணவனை இழந்த பெண்ணை வீட்டின் பின்கட்டுக்குள் ஒதுக்கிவைத்த காலத்தில், அவர் தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் மருத்துவரானார். அங்கே சுசீலா நய்யாரின் நட்பும் அதன் வழியே காந்தியடிகளின் தொடர்பும் கிடைத்தன. காந்தியத் தொண்டரான ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பியபோது, படிப்புக்கு உடன்பட்ட குடும்பம் மறுமணத்துக்கு உடன்படவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பொறுத்திருக்கச் சொல்லி, மனம் மாறாதது கண்டு, 1940இல் தாமே முன்னின்று திருமணத்தை நடத்திவைத்தார்.

இந்தக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, அவர் வசதியான வீட்டுப் பெண் என்பதால்தானே தில்லி வரை போக முடிந்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானது; அதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறோம். அதே ஆண்டுகளில் அதே வயதில் கைம்பெண்ணான எத்தனையோ சிறுமிகளுக்குக் கணவரின் கடைசிச் சொல்லும் கிடைக்கவில்லை, தந்தையின் பணமும் கிடைக்கவில்லை. சௌந்தரம் அம்மையாரின் பெருமை அந்த வசதியைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாததில் இருக்கிறது. 1947இல் சின்னாளப்பட்டிக்கு அருகே அவரும் ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்துக்கு நமது வட்டம் பேருந்தில் சென்று வந்தது. கிராமத்துப் பெண்களின் பேறுகாலத்துக்காக எளிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணி இன்று கஸ்தூரிபா மருத்துவமனையாக நிற்பதை உறுப்பினர்கள் நேரில் கண்டார்கள்.

அவர் கைப்பிடித்து ஏற்றிவிட்டவர்களுள் ஒருவரைப் பற்றியதே அடுத்த கூட்டம். 1926இல் அய்யன்கோட்டையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், தந்தையை இழந்தபின், தாய் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். மதுரைக்கு வந்து சௌந்தரம் அம்மையாரின் அரவணைப்பில் படித்து, பட்டமும் பெற்றார். அந்தப் படிப்பைக் கொண்டு அவர் ஓர் அலுவலக வேலையில் அமர்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ, 1950இல் மணந்த கணவர் ஜெகந்நாதனோடு, நிலமற்றோருக்கு நிலத்தைத் தானமாகக் கேட்ட பூதான இயக்கத்தில் ஊர் ஊராக நடந்தார். தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் குடிசையில் எரிக்கப்பட்ட 1968ஆம் ஆண்டுக் கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பிறகு தஞ்சை மண்ணிலேயே தங்கி, 1981இல் உழுபவருக்கே நிலம் என்ற நோக்கில் லாப்டி அமைப்பைத் தொடங்கி, பல்லாயிரம் ஏக்கர் நிலம் கூலிப் பெண்களின் பெயரில் பதிவாக வழி செய்தார். நிலமில்லாத தாயின் மகள் நிலத்தையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

மற்றவர்களுக்குப் பள்ளியும் விடுதியும் செய்ததைக் கே.பி.ஜானகி அம்மாளுக்கு நாடகக் கம்பெனி செய்தது. 1917இல் பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து, பாட்டியிடம் வளர்ந்த அவர், வயிற்றுப்பாட்டுக்காக மேடை ஏறினார். மேடை அவருக்குச் சம்பளத்தோடு அரசியலையும் கொடுத்தது. சாதியைக் காரணம் காட்டி நாடக நடிகர் விஸ்வநாததாஸுடன் நடிக்கப் பிற நடிகைகள் மறுத்தபோது, இவர் இணைந்து நடித்தார், தேசியப் பாடல்களைப் பாடினார், சிறை சென்றார். நடித்துச் சேர்த்த நகையும் சொத்தும் கம்யூனிஸ்ட் கட்சிப் பணிக்கே போயின. 1967இல் மதுரை கிழக்குத் தொகுதி அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இந்த உரையைத் தயாரித்து வந்த இளம் உறுப்பினரின் உழைப்பு தனிப் பாராட்டுக்குரியது.

அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை அவர்கள் பள்ளிக்கே போகாதவர். நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண்களின் கொத்துக்கு, அதாவது வேலைக் குழுவுக்கு, தலைமை ஏற்று, நில உடைமையாளரிடம் கூலி பேசிப் பழகிய அந்த வாய்தான் பின்னாளில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களைக் கட்டியது. 2001இல் பிரதமர் வாஜ்பாய் விருது வழங்கும்போது குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கிய காட்சி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. வேலு நாச்சியார், ராணி மங்கம்மாள் பற்றிய உரைகளும் நடந்தன; அரண்மனை வளர்ப்பு வேறு வகை என்பதால் அவற்றை இங்கே விரிக்கவில்லை.

திறமை இருந்தால் எந்தச் சூழலிலும் மேலே வந்துவிடுவார்கள் என்ற கருத்து ஆண்டு முழுவதும் விவாதிக்கப்பட்டது. செயற்குழுவில் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. என் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறேன்: வந்தவர்களை மட்டும் எண்ணுவதால்தான் நாம் அப்படிச் சொல்கிறோம். மதுரையில் பெண்களுக்கென முதல் கல்லூரியான லேடி டோக் 1948இல்தான் தொடங்கியது. அதற்கு முன் வெளியூர் அனுப்ப வீட்டார் இசையாததால் படிப்பை விட்ட பெண்கள் நம் பாட்டிமார்களாக நம் வீடுகளிலேயே இருந்தார்கள்.

நிர்வாகச் செய்திகள் சில. ஆண்டின் நடுவே வழக்கமான கூடம் கிடைக்காமல் போனதால், உறுப்பினர் ஒருவரின் வீட்டு மாடியில் கூடினோம். மாலைச் சமையல் நேரம் இடைஞ்சலாக இருப்பதாகப் பலர் சொன்னதால் கூட்டத்தை நான்கு மணிக்கு மாற்றினோம்; அதன்பின் வருகை கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரண்டு பரிந்துரைகளை முன்வைக்கிறது. மேல்நிலைப் படிப்பை முடித்து, விடுதிக் கட்டணம் இல்லாததால் கல்லூரி சேர முடியாமல் நிற்கும் மாணவியருக்கு உதவ ஒரு நிதி தொடங்கப்பட வேண்டும். இடையில் படிப்பை விட்ட மூத்த பெண்களின் நினைவுகளை, அவர்கள் இசைவோடு, எழுதிச் சேர்க்க வேண்டும். நிதியில் முதல் மாணவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மூவர் குழுவிடம் ஒப்படைக்கலாம். அதற்கான பெயர்களை உறுப்பினர்கள் இன்றே முன்மொழியுமாறு வேண்டி, இவ்வறிக்கையைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்