படிக்கும்படி கணக்குக் கொடுங்கள்: சிறு கட்சி அதிபர் வேட்பாளர்களின் பொருளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொருளாளர்களுக்கும், உங்களை அந்தப் பொறுப்பில் அமர்த்திய அதிபர் வேட்பாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சிக்கும் ஜனநாயகக் கட்சிக்கும் வெளியே நின்று போட்டியிடுகிறவர்களின் தேர்தல் நிதிக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்தில் நீங்கள் தாக்கல் செய்யும் அறிக்கைகளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள் மிகச் சிலரே என்பது உங்களுக்கும் தெரியும். அந்தச் சிலரில் ஒருவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் குழுக்களின் முகவரிகளுக்குத் தனியே வந்து சேரும். இங்கே வாக்குரிமை பெற்ற தமிழர் பலரும் உங்கள் பெயர்களை வாக்குச்சீட்டில் மட்டுமே கண்டிருப்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு வேட்பாளரின் குழுவுக்கு, அவர்களுடைய காலாண்டு அறிக்கையில் எழுத்தே புலப்படாத சில பக்கங்களைக் குறிப்பிட்டு விளக்கம் கேட்டிருந்தேன். அந்தக் குழுவின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. குறை அவர்களோடு நிற்பதுமில்லை. சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டோம், அதற்கு மேல் யாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர் என்று இரண்டே வரிகளில் பதில் வந்தது. பெரிய கட்சிகளின் பண பலத்தைக் கண்டித்து மேடைதோறும் பேசும் ஒரு வேட்பாளரின் அலுவலகத்திலிருந்து இந்தப் பதில் வந்ததைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். ஓராண்டின் வரவோ செலவோ 50,000 டாலரைத் தாண்டினால்தான் மின்னணு முறையில் தாக்கல் செய்வது கட்டாயம். அதற்குக் கீழே இருப்பவர்கள் தாளில் எழுதி அஞ்சலில் அனுப்பலாம் என்று விதி இடம் தருகிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாதீர்கள். உங்கள் கணக்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மின்னணு முறையிலேயே, ஒவ்வொரு வரியையும் படித்துப் புரிந்துகொள்ளும்படி தாக்கல் செய்யுங்கள். அதற்கான மென்பொருளை ஆணையம் இலவசமாகவே தருகிறது.

தாளில் வரும் அறிக்கையைப் படிப்பது எப்படிப்பட்ட வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அது முதலில் வெறும் படமாகத்தான் இணையத்தில் ஏறுகிறது. அதிலுள்ள பெயர்களையும் தொகைகளையும் யாராவது கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்த பின்புதான் அவை தேடலுக்கு அகப்படும். உங்கள் கையெழுத்து புரியாத இடத்தில் அந்த ஊழியரும் ஊகிக்கத்தான் வேண்டும். நான் விளக்கம் கேட்ட அறிக்கையின் செலவுப் பட்டியலில் பணம் பெற்றவரின் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் இரண்டு தலைப்பெழுத்துகள் மட்டுமே இருந்தன. நோக்கம் என்ற கட்டத்தில் ‘ஆலோசனை’ என்ற ஒரு சொல், அதற்குக் கீழே மை பரவிய ஒரு தொகை. அது எழுநூறா நானூறா என்று எவ்வளவு பெருக்கிப் பார்த்தாலும் தெரியவில்லை. ஒருவருக்கான செலவு 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, தேதி, தொகை, நோக்கம் ஐந்தையும் எழுத வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெறுமனே ‘ஆலோசனை’ என்று எழுதினால் போதாது என்று ஆணையம் 2007-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, சட்டம் கேட்டதைக் கொடுத்துவிட்டோம் என்ற பதிலே முதலில் சரியில்லை.

ஆனால் என்னை அந்தப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்தது அதில் இல்லாத ஒரு செலவு. அந்த வேட்பாளரின் பெயர் ஒரு பெரிய மாநிலத்தின் வாக்குச்சீட்டில் இடம்பெற்றிருந்தது. வாக்குச்சீட்டில் இடம் பிடிப்பதுதான் உங்களைப் போன்றவர்களின் பணத்தையும் உழைப்பையும் முதலில் விழுங்கும் வேலை. டென்னசி மாநிலத்தில் அதற்குச் சுயேச்சை அதிபர் வேட்பாளருக்கு 275 வாக்காளர்களின் கையெழுத்துகள் போதும். 2024-இல் டெக்சாஸில் 1,13,151 தேவைப்பட்டன, கலிஃபோர்னியாவில் 2,19,403. நியூயார்க் 2020-இல் தன் வரம்பை 45,000-ஆக உயர்த்தி, அதை ஆறே வாரங்களில் திரட்ட வேண்டும் என்றது. விளைவாக 2024-இல் அம்மாநில வாக்குச்சீட்டில் அதிபர் பதவிக்கு இரு பெரிய கட்சிகளின் வேட்பாளர்கள் மட்டுமே இருந்தார்கள். இத்தனை கையெழுத்துகளைத் தொண்டர்களை மட்டும் வைத்துத் திரட்டுவது அரிது என்பதால்தான், தலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு கையெழுத்துச் சேகரிக்கும் நிறுவனங்கள் இந்த நாட்டில் ஒரு தொழிலாகவே நடக்கின்றன.

அப்படியிருக்க, நான் படித்த அறிக்கையில் கையெழுத்துத் திரட்டியதற்கான ஒரு வரிகூட இல்லை. தொண்டர்கள் ஊதியமின்றிச் செய்திருந்தால் அது நன்கொடைக் கணக்கில் வராது. அதில் தவறேதுமில்லை, பெருமைப்பட வேண்டிய செய்தி அது. வேறு யாரோ பணம் கொடுத்து ஆள் வைத்துச் செய்திருந்தால், அந்த உதவியை வரவாகவும் செலவாகவும் இரு புறமும் எழுதியாக வேண்டும். இரண்டில் எது நடந்தது என்பதை அந்த அறிக்கையைக் கொண்டு யாராலும் சொல்ல முடியாது. குறிப்புரை எழுதுவதற்குப் படிவத்திலேயே இடம் இருக்கிறது. ‘இம்மாநிலத்தில் கையெழுத்துகள் முழுவதையும் ஊதியம் பெறாத தொண்டர்கள் திரட்டினார்கள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் எழுதிக் கேட்டிருக்க மாட்டேன், நீங்களும் எரிச்சலடைந்திருக்க மாட்டீர்கள்.

இந்தக் கேள்வி வீண் சந்தேகமல்ல என்பதற்கு 2004 சான்று. அந்த ஆண்டு மிச்சிகனில் சுயேச்சை அதிபர் வேட்பாளர் ரால்ஃப் நாடரின் பெயரை வாக்குச்சீட்டில் ஏற்றுவதற்காக 40,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தது அம்மாநிலக் குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சியின் வாக்குகள் பிரிந்தால் தங்களுக்கு நல்லது என்ற கணக்கு அதில் இருந்தது. அது பகிரங்கமாக நடந்ததால் ஊருக்குத் தெரிந்தது. வாக்காளர்கள் அறிந்தே முடிவெடுத்தார்கள். அதுபோன்ற ஒன்று ஓசையில்லாமல் நடந்தால் அதைக் காட்டிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆவணம் நீங்கள் தாக்கல் செய்யும் அறிக்கைதான். அதைப் படிக்க முடியாதபடி கொடுத்தால், உங்கள் வேட்பாளர் யாருடைய கைப்பாவையும் அல்லர் என்பதை நிரூபிக்கவும் வழியில்லாமல் போகிறது.

எங்கள் ஊர்த் திருமணங்களில் மொய் எழுத உட்காருகிறவர் பத்து ரூபாய் வைத்தவரின் பெயரையும் ஊரையும்கூட விடாமல் எழுதுவார். பின்னால் எடுத்துப் பார்க்கிறவருக்கு விளங்க வேண்டும் என்பதே அந்த நோட்டின் பயன். உங்களிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அளவு அக்கறையைத்தான்.

உங்கள் சிரமங்களை அறியாமல் பேசவில்லை. பெரிய கட்சி வேட்பாளருக்கு வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் கொண்ட ஒரு படையே இருக்கிறது. உங்களில் பலர் வேட்பாளரின் நண்பர் என்பதற்காகவோ உறவினர் என்பதற்காகவோ இந்தப் பொறுப்பை ஏற்று, பகல் வேலை முடிந்த பின் இரவில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர்கள். வரவோ செலவோ 5,000 டாலரைத் தாண்டியதும் சட்டப்படி ஒருவர் வேட்பாளராகிவிடுகிறார். அதன் பிறகு பொருளாளர் இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கவோ செலவழிக்கவோ முடியாது. பிழை நேர்ந்தால் அபராதக் கடிதம் உங்கள் பெயருக்கு வருகிறது. கோடிகளைச் செலவழிக்கிறவரும் உங்கள் வேட்பாளரும் நிரப்புவது ஒரே படிவம். இது நியாயமா என்று கேட்டால், நிச்சயமாக இல்லை என்றே நானும் சொல்வேன். ஆனாலும் அந்தச் சுமையை வாசகர் தலையில் மாற்றி வைப்பது அதற்குப் பரிகாரமாகாது.

எங்கள் வேட்பாளர் வாங்கும் சில ஆயிரம் வாக்குகளுக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு ஃபுளோரிடாவை நினைத்துப் பாருங்கள். ஜார்ஜ் புஷ் அங்கே 537 வாக்குகளில் வென்று அதிபரானார். நாடர் பெற்ற 97,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் அந்த வாக்குச்சீட்டில் அச்சாகியிருந்த சிறு கட்சி வேட்பாளர்கள் ஒவ்வொருவருமே 537-க்கு மேல் பெற்றார்கள். அவர்களில் கடைசியாக வந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சியின் ஜேம்ஸ் ஹாரிஸுக்குக் கிடைத்தவை 562. யாருடைய கணக்கு சிறியது, யாருடையது படிக்கத் தேவையில்லாதது என்று தேர்தலுக்கு முன்பே யாரால் சொல்ல முடியும்?

அந்தக் கட்சியைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நன்கொடையாளர்களின் பெயர்களை வெளியிட வேண்டாம் என்ற விலக்கு அவர்களுக்கு 1979 முதல் பல பத்தாண்டுகள் இருந்தது. எஃப்.பி.ஐ. அந்தக் கட்சிக்குள் ஆட்களை நுழைத்து, உறுப்பினர்களைக் கண்காணித்துத் தொல்லை கொடுத்தது நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட உண்மை. பெயர் வெளியானால் துன்புறுத்தப்படும் வாய்ப்புள்ள சிறு கட்சிகளுக்கு விலக்குத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் கூறியது; 1982-இல் இதே கட்சி ஓஹையோவில் தொடுத்த வழக்கில் அதை உறுதியும் செய்தது. அந்த விலக்கை நான் மதிக்கிறேன். அவர்கள் மறைத்தார்கள் என்றால் அதற்கான காரணத்தைச் சான்றுகளோடு முன்வைத்து, அனுமதி பெற்று, குறிப்பிட்ட காலத்துக்கு மறைத்தார்கள். அப்படி எந்தக் காரணத்தையும் முன்வைக்காமல், மங்கிய தாளாலும் தலைப்பெழுத்துகளாலும் அதே விலக்கை நீங்களாகவே எடுத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களுக்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 1984-இல் குடிமக்கள் கட்சியின் சோனியா ஜான்சன், சிறு கட்சி வேட்பாளர்களிலேயே முதன்முதலாக, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்காக, திரட்டிய நன்கொடைக்கு இணையாக அரசு தரும் இணைநிதியைப் பெற்றார். 1988-இல் ஐம்பது மாநிலங்களிலும் வாக்குச்சீட்டில் இடம்பெற்ற முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவருமான லெனோரா ஃபுலானியும் அந்த நிதியைப் பெற்றவர். அதற்குத் தகுதி பெற, 20 மாநிலங்களில் ஒவ்வொன்றிலும் 5,000 டாலருக்கு மேல் திரட்ட வேண்டும். ஒருவர் எவ்வளவு கொடுத்தாலும் முதல் 250 டாலர்தான் கணக்கில் வரும். ஒவ்வொரு நன்கொடைக்கும் தாள் காட்டி நிரூபித்தார்கள். அரசு நிதி பெற்றதால் கட்டாயத் தணிக்கைக்கும் உட்பட்டார்கள். இன்று அவர்களுடைய பிரசாரத்தைப் பற்றி எழுத விரும்பும் எவருக்கும் அந்தத் தணிக்கை அறிக்கைகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பல ஆண்டுகள் பின்னால் வந்து, கணினியைக் கையில் வைத்திருக்கும் உங்களில் சிலரைப் பற்றி எழுத என்னிடம் இருப்பது எழுநூறா நானூறா என்ற கேள்வி மட்டுமே.

குற்றமெல்லாம் உங்களுடையது என்று நான் சொல்லவில்லை. ஆறு உறுப்பினர்கள் கொண்ட ஆணையத்தில் நான்கு வாக்குகள் இல்லாமல் எந்த முக்கிய முடிவும் எடுக்க முடியாது. ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்கவும் கூடாது. அதனால் இரு பெரிய கட்சிகளின் உறுப்பினர்கள் எதிரெதிரே அமர்ந்து முடங்கிப் போவது வழக்கமாகிவிட்டது. 2019-இலும் 2020-இலும் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் பல மாதங்கள் கழிந்தன. 2025 மே மாதம் மறுபடியும் அதே நிலை வந்தது. காலியிடங்களை நிரப்ப வேண்டிய அதிபர்களும் செனட்டும், எந்தக் கட்சியின் கையில் இருந்தாலும், இதில் அவசரம் காட்டியதில்லை. அதிபர் வேட்பாளர்களின் விவாத மேடைக்குக் கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் வேண்டும் என்ற விதி 2000 முதல் உங்கள் வேட்பாளர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. மேடை ஏறினால்தான் கருத்துக்கணிப்பில் ஏற முடியும் என்பதை விதி எழுதியவர்களும் அறிவார்கள். ஐந்து சதவீத வாக்குப் பெற்றால் பொது நிதி கிடைக்கும் என்ற சட்டத்தால் பயன்பெற்றவர்கள் 1980-இல் ஜான் ஆண்டர்சன், 1996-இல் ராஸ் பெரோ, 2000-இல் சீர்திருத்தக் கட்சியின் பாட் புகேனன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த அநீதிகளைப் பற்றி நீங்கள் பேசும்போதெல்லாம் உங்கள் பக்கம் நின்று பேசக்கூடியவர்களில் நானும் ஒருவர். அப்படிப் பேசும்போது, சரி, இவர்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டால் எடுத்துக் காட்ட ஒரு பக்கம் வேண்டும். அதைத்தான் கேட்கிறேன்.

கோபத்தில் சில சொற்கள் கூடுதலாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன்: 50,000 டாலருக்குக் கீழே இருந்தாலும் மின்னணு முறையிலேயே தாக்கல் செய்யுங்கள். பணம் பெற்றவரின் முழுப் பெயரையும், அவர் எதற்காகப் பெற்றார் என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் கையெழுத்துத் திரட்டியது யார், கூலிக்கா தொண்டாகவா என்று ஒரு வரிக் குறிப்புச் சேருங்கள். பொதுத்தேர்தலுக்கு 12 நாட்களுக்கு முன் வரவேண்டிய அறிக்கையையாவது, வாக்களிக்கும் முன் படித்துவிடக்கூடிய வடிவில் கொடுங்கள். ரசீதுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கிறது சட்டம். குழுவைக் கலைக்கும்போது அவற்றை எறிந்துவிடாமல் ஒரு பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திடமோ நூலகத்திடமோ ஒப்படைக்க முடியுமா என்று யோசியுங்கள்.

மென்பொருளைப் பயன்படுத்துவதில் தயக்கம் இருக்கும் பொருளாளர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவராக இருந்தாலும், பழைய தாள் அறிக்கைகளைத் தட்டச்சு செய்து சரிபார்த்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதற்கு ஊதியம் வேண்டாம். தொண்டர் உழைப்பு என்பதால் உங்கள் கணக்கில் அதை எழுதவும் வேண்டியதில்லை. அடுத்த காலாண்டு அறிக்கைக்கு முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
உங்கள் அறிக்கைகளைப் படித்துவரும் ஒரு வாக்காளர்