சுகர் மேப்பிள் எல்லா மண்ணிலும் வளர்ந்துவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் சென்ற இதழில், பெரிய வளவுள்ள வீடுகளுக்கு ஏற்ற மரங்களைப் பற்றிய கட்டுரையில், "சுகர் மேப்பிள் எந்த மண்ணிலும் வளரும், வீதியோரம் நட்டால் வீட்டுக்கு அழகு, பத்து ஆண்டுகளில் மரத்தின் இனிப்பு நீரைக் காய்ச்சிச் சொந்தமாகப் பாணியும் எடுக்கலாம்" என்று எழுதப்பட்டிருந்தது. அதை வாசித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், அக்ஸ்பிரிட்ஜுக்கு வெளியே, பழைய பண்ணை நிலமாக இருந்த ஒரு துண்டில் இந்த மரங்களை நீண்ட காலமாக வளர்த்துவருபவன் என்ற முறையிலும், தங்கள் பத்திரிகை கறுப்பு வெள்ளையில் வெளிவந்த நாட்களிலிருந்தே அதன் வாசகன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

சுகர் மேப்பிள் ஆழமான, ஈரம் தங்குகிற, ஆனால் நீர் தேங்காத மண்ணைக் கேட்கும் மரம் என்பது தாங்கள் அறியாததல்ல. இலைமக்கு படிந்த காட்டு மண்ணே அதன் வீடு. அதன் உணவு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவி நிற்பதால், மண் இறுகினால் முதலில் வாடும் மரங்களில் அதுவும் ஒன்று. நம்மவர்கள் மார்க்கம், பிரம்ரன், அஜாக்ஸ் நகரங்களில் வாங்குகிற புதிய வீடுகளின் நிலம் எப்படிப்பட்டது என்பதையும் தாங்கள் அறிவீர்கள். கட்டட வேலை தொடங்கும்போதே மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கனரக இயந்திரங்கள் ஏறி இறங்கி இறுக்கிய களிமண்ணின்மேல் கொஞ்சம் மண்ணைத் தூவி, அதன்மேல் புற்பாயை விரித்து வீட்டைக் கையளிக்கிறார்கள். அந்தக் களிமண்ணில் ஒரு குழி தோண்டிக் கன்றை இறக்கினால், மழை பெய்யும்போது குழி தொட்டியாகி நீர் தேங்குகிறது. யூலை வெயிலில் அதே களி கல்லாகிறது. இலையின் ஓரங்கள் கருகத் தொடங்குகின்றன. எனது உறவினர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் முன்னொரு முறை வந்த இதே வகை அறிவுரையை நம்பி நட்ட மரம், இப்படித்தான் உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து செத்தது. தன்னிடம் கைராசி இல்லை என்று அவர் இன்றும் தம்மையே நொந்துகொள்கிறார். குறை அவருடைய கையில் இல்லை.

வீதியோரம் நடச் சொன்னது அதைவிடக் கொடிய அறிவுரை. பனிக்காலம் முழுவதும் ஒன்ராறியோவின் வீதிகளில் உப்புத் தூவப்படுகிறது. கரைந்த உப்பு வீதியோர மண்ணில் இறங்குகிறது. வாகனங்கள் கிளப்பும் சாரல் மொட்டுகளின்மேல் படிகிறது. உப்பைத் தாங்காத மரங்களின் வரிசையில் சுகர் மேப்பிள் முன்னணியில் நிற்கிறது. ஒரு காலத்தில் இந்த மாகாணத்தின் விவசாயிகள் தங்கள் பண்ணை வீதிகளின் இருமருங்கிலும் ஆசையோடு நட்ட மேப்பிள் மரங்கள், உப்புத் தூவும் வழக்கம் பெருகிய பின்னர் உச்சி பட்டு நிற்பதை எந்தக் கிராம வீதியிலும் காணலாம். என் வளவிலேயே இதற்குச் சாட்சி உண்டு. ஒரே நாற்றுப்பண்ணையில் ஒரே வசந்தத்தில் வாங்கிய கன்றுகளில் வீதிக்கருகே நின்றவை, ஆண்டுதோறும் நுனிக்கிளைகள் காய்ந்து காய்ந்து, இன்றும் என் தோளுயரத்தை விட்டு அதிகம் எழவில்லை. வீட்டுக்குப் பின்புறம் பழைய வேலியோரத்து மண்ணில் நின்றவை வீட்டின் கூரையைத் தாண்டிவிட்டன. தங்கள் கட்டுரையாளர் ஒருநாள் வந்து பார்க்கட்டும். தேநீர் கொடுத்து, நானே கூட்டிச்சென்று காட்டுகிறேன்.

அடுத்தது பாணி. மார்பளவு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு குறைந்தது 25 சென்ரிமீற்றர் வந்த பிறகே துளையிட்டு நீர் எடுக்கலாம். இந்த மரம் அந்தப் பருமனை அடைய, வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும் வளவிலேயே ஏறத்தாழ 30 ஆண்டுகளும், காட்டில் 40 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். பத்து ஆண்டு மரத்தில் துளையிடுவது வளரும் பிள்ளையின் இரத்தத்தை எடுப்பதற்குச் சமம். அப்படிக் காத்திருந்தாலும், இரவில் உறைநிலைக்குக் கீழேயும் பகலில் அதற்கு மேலேயும் வெப்பநிலை ஏறி இறங்கும் மாசி, பங்குனி நாட்களில்தான் நீர் ஓடும். ஒரு துளையிலிருந்து ஒரு பருவம் முழுவதும் சேரும் ஏறத்தாழ 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். மீதி 39 லீற்றரும் ஆவியாகிப் போகவேண்டியது. அதைச் சமையலறைக்குள் காய்ச்சினால் சுவர்கள் என்ன ஆகும் என்பதையாவது கட்டுரை ஒரு வரியில் எச்சரித்திருக்கலாம். ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்த நீரை எடுத்துக் காய்ச்சத் தெரிந்திருந்த அனிஷினாபே, ஹோடினோஷோனி பூர்வகுடி மக்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பதைப் பற்றிப் பழமொழி சொல்லி வளர்ந்த நமக்கு, காலம் எடுக்கும் மரத்தைக் காலம் எடுக்கும் மரம் என்று சொன்னால் புரியாதா? வாசகர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை என்று தாங்கள் முடிவுசெய்தது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் புண்படுத்தியது கட்டுரையோடு வந்த படம். அதில் உள்ளது சுகர் மேப்பிளே அல்ல. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நோர்வே மேப்பிள். வேறுபாடு காண நிபுணர் தேவையில்லை. இலைக்காம்பை ஒடித்துப் பார்த்தால், நோர்வே மேப்பிளில் வெள்ளைப் பால் வடியும். சுகர் மேப்பிளில் தெளிந்த நீர் மட்டுமே இருக்கும். நோர்வே மேப்பிளின் விதைச் சிறகுகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விரிந்திருக்கும். மற்றதன் சிறகுகள் குதிரை இலாடம்போல் வளைந்து கீழே தொங்கும். தங்கள் படத்தில் சிறகுகள் தெளிவாக விரிந்தே தெரிகின்றன. இது வெறும் படப்பிழை என்று கடந்துபோக முடியாது. நோர்வே மேப்பிளின் அடர்ந்த நிழலின் கீழ் வேறு எதுவும் முளைக்கத் திணறும். அதன் விதைகள் காற்றில் பறந்து ரொறன்ரோவின் பள்ளத்தாக்குக் காடுகளில் புகுந்து, அங்கு காலங்காலமாக இருந்த மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சுகர் மேப்பிள் என்று சீட்டுக் கட்டிய பால் வடியும் கன்றை ஒரு நாற்றுப்பண்ணை எனக்கே விற்கப் பார்த்தது. காம்பை ஒடித்துக் காட்டிய பிறகும் அங்கிருந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை. தங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் வாசகர் எதை வாங்கிவருவார்?

இதே குற்றச்சாட்டு நாட்டின் நாணயத்தாளின் மீதும் எழுந்தது தங்களுக்கு நினைவிருக்கும். அப்போது புதிதாக வந்த 20 டொலர் தாளில் உள்ள இலை நோர்வே மேப்பிளைப் போல இருக்கிறது என்று 2013இல் தாவரவியலாளர் ஒருவர் சொன்னபோது, அது பல இனங்களின் சாயலில் வரைந்த இலை என்று மத்திய வங்கி பதில் அளித்தது. வங்கி பதிலாவது சொன்னது. எனது முந்தைய கடிதங்களுக்கு, கிடைத்தது என்ற ஒரு வரியும் தங்களிடமிருந்து வரவில்லை.

அவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி மூடாக்கை மேடாகக் குவிக்குமாறு தங்கள் பத்திரிகை ஒருமுறை எழுதியது. அப்படிக் குவித்தால் பட்டை அழுகும், வேர்கள் மேலெழுந்து அடிமரத்தையே சுற்றி நெரிக்கும். வேர் பிரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், மூடாக்கு அதை விட்டு விலகியே இருக்க வேண்டும் என்று அன்றே எழுதினேன். 2013இல் மிசிசாகாப் பகுதியில், மேப்பிள் மரங்களைத் துளைத்து அழிக்கும் ஆசிய நீள்கொம்பு வண்டு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டு, மேப்பிள் மரங்கள் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு, கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து விறகையும் கன்றுகளையும் வெளியே கொண்டுபோகத் தடை வந்தபோது, அதைத் தமிழில் அறிவியுங்கள் என்று மன்றாடிக் கேட்டேன். அந்த வண்டு ஒழிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது 2020இல். அதற்கிடையில் வந்த இதழ்களில் வீட்டு விற்பனை விளம்பரங்களுக்குக் கிடைத்த பக்கங்களில் ஒரு மூலையும் இந்தச் செய்திக்குக் கிடைக்கவில்லை. பத்திரிகை நடத்த விளம்பரம் வேண்டும் என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனால் அந்த விளம்பரங்களைப் பார்த்துப் பெரிய வளவோடு வீடு வாங்குகிறவர்கள், அந்த வளவில் என்ன நடுவது என்பதையும் தங்களிடம்தான் கேட்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய மரத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லும்போது, எழுதியதை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபார்க்க ஓர் அரை மணி நேரம் செலவிடக்கூடாதா?

நான் கேட்பது சிறிது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், ஒரு திருத்தம் வெளியிடுங்கள். சுகர் மேப்பிளை வீதியிலிருந்தும் வீட்டுச் சுவரிலிருந்தும் குறைந்தது 10 மீற்றர் தள்ளி நடவேண்டும். இறுகிய களிமண்ணில் நடக்கூடாது. முதல் இரண்டு மூன்று கோடைகளில் ஆழமாக நீர் ஊற்றவேண்டும். பாணியைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு யோசிக்கலாம் என்ற அளவில் அது இருந்தால் போதும். கூடவே சரியான இலையின் படமும் வரவேண்டும். என் வளவின் மரத்தில் எடுத்த இலை, விதை, மொட்டுப் படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எடுத்தவர் பெயர் போடத் தேவையில்லை. சித்திரை நடுப்பகுதியில் மண் இளகியதும் வாசகர்கள் நாற்றுப்பண்ணைகளுக்குப் போகத் தொடங்கிவிடுவார்கள் என்பதால், இந்தத் திருத்தத்தை அதற்கு அடுத்த இதழுக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
அக்ஸ்பிரிட்ஜ், ஒன்ராறியோ